பட்டியலில் நீ மூன்று முறை அழித்த பெயர்

தம்பி,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நீ கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து போனாய் என்று உன் பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் சில கைப்பேசி யோசனைகளும் தரப்போகிறேன், முதலாவதாக இதையே வைத்துக்கொள்: அந்த நேரத்தை அம்மா கண்ணில் படாமல் மறைக்க செட்டிங்ஸ் என்ற அமைப்புகளுக்குள் ஒரு வழி இருக்கிறது. கோலாலம்பூரில் பதினெட்டாவது மாடியில் உட்கார்ந்து கணினி போடும் சோற்றைச் சாப்பிடுகிற உனக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எனக்காகத் திறந்து வைத்திருக்கிறாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிகிறேன். படித்து முடித்ததும் நீ அதை மூடிவிடலாம். எனக்குப் புரியும்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் சேலை எடுத்தாயிற்று. மருமகளுக்குப் பிடித்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்ததைக் கடைக்காரருக்கே பிடிக்கவில்லை, அது வேறு கதை. அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை நீ கணினியில் ஒரு பகிர்வுக் கோப்பாகப் போட்டாய். "மா, யார் பேரு விட்டுப்போச்சோ நீங்களே சேத்துக்குங்க, என்கிட்ட கேக்க வேணாம்" என்றாய். சேர்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் சேகர் சித்தப்பா. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் உன் அலுவலக நண்பன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். உனக்குக் கை தவறியிருக்கும் என்று மறுபடி சேர்த்தேன். மறுபடி காணோம். மூன்றாம் முறையும் சேர்த்து, அதுவும் காணாமல் போனதும், கோப்பு மெனுவுக்குள் இருக்கும் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தேன். இது இரண்டாவது யோசனை, உனக்கல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பகிர்வுக் கோப்பில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று அது ஆளுக்கொரு நிறம் கொடுத்துக் காட்டிவிடும். நீ பச்சை, நான் ஊதா. ஊதா எழுதுகிறது, பச்சை அழிக்கிறது. மூன்று முறை. அத்தனை நாளும் நாம் தொலைபேசியில் மண்டப அலங்காரத்தைப் பற்றியும் பாயசத்தில் ஜவ்வரிசியா சேமியாவா என்பதைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

நீ ஏன் அழிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா சிங்கப்பூரில் மயங்கி விழுந்த அன்று கூடவே இருந்தவர் சேகர், சொந்தமில்லாவிட்டாலும் நீ சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த அப்பாவின் தோழர். அவர் நமக்கு ஒரு போன்கூடப் போடாமல் அப்பாவை ஆஸ்பத்திரியில் தனியாக விட்டுவிட்டு ஜொகூர்ப் பாலம் தாண்டி மலேசியாவுக்கு வந்துவிட்டார், அதனால்தான் அப்பா யாருமில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தது நான். அந்த வரிசையில் ஒரு பெயர் அழிய வேண்டும் என்றால் எது என்று இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். நான் கல்யாணத்துக்கு வராததற்குப் பெண் வீட்டாரிடம் என்ன சொல்லிக்கொள்வது என்று இப்போதே ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். முழங்கால் வலி என்று சொல்லிவிடலாம். என் வயதில் அதை யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்றால், தப்பை நான் ஒலிவாங்கி பிடித்து முப்பது பேர் முன்னால் செய்தேன். ஒப்புக்கொள்ளும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அதோடு, அந்த முப்பது பேரும் நான் சொல்லிக்கொடுத்ததைத் தங்கள் அக்கா தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம் ஊர் கூலாயில் ஒரு விஷயம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று உனக்குத் தெரியும்.

நான் கைப்பேசி நிபுணி ஆன கதையை முதலில் சொல்ல வேண்டும். ஒருநாள் மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது நீதிமன்றத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். "புவான், உங்க பேர்ல ஒரு கேஸ் இருக்கு" என்று, மரியாதையாக 'அம்மணி' போட்டே மலாயில் மிரட்டினான். உன் அம்மா பயப்படவில்லை, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிடத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, முதுகுவலி இருக்கிறது, அவன் முதலாளி சாப்பாட்டு நேரம் கொடுப்பதில்லை என்று எல்லாம் கறந்துவிட்டேன். கடைசியில் அவனே "ஓகே லா அக்கா" என்று வைத்துவிட்டான். இந்தக் கதையை நம் குடியிருப்பான தாமான் முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். சொல்லச் சொல்ல நாற்பது நிமிடம் ஒன்றரை மணி நேரமாக வளர்ந்தது. அதற்குள் இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மா இப்படி ஓர் அழைப்பில் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்துவிட்டு வெளியே தலைகாட்டாமல் இருந்தார். பெண்கள் பயந்துவிட்டார்கள். என்னிடம் வந்தார்கள். எனக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால் போதும், அது தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அப்புறம்தான்.

தேடிப் பிடித்தேன். தொடர்புப் பட்டியலில் பெயர் இல்லாத எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் மணி அடிக்காமல் அமுக்கிவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும், வீட்டில் அமைதி. அதைக் கண்டுபிடித்த அன்று நான் பட்ட பெருமையை நீ பல்கலைக்கழகம் போன அன்றுகூடப் பட்டிருக்க மாட்டேன். உன் அப்பாவிடம் காட்டினேன். அவர், "நல்லதுதான். ஆனா யாராச்சும் தெரியாதவங்க அவசரத்துக்குக் கூப்பிட்டா?" என்று கேட்டார். "உங்களுக்கு யாரு அவசரத்துக்குக் கூப்பிடப் போறா, பிரதமரா?" என்றேன். சிரித்தார். கைப்பேசி விஷயத்தில் அவர் என்னிடம் வாதாட மாட்டார். அவர் அதை டார்ச் விளக்காகவும், எல்லாச் செய்திக்கும் கட்டைவிரல் காட்டும் கருவியாகவும்தான் வைத்திருந்தார். பக்கத்துத் தெருவில் சாவு என்று செய்தி வந்தாலும் கட்டைவிரல்தான். நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்தக் கட்டைவிரல்களைத்தான் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜொகூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு, தம்பி. கோலாலம்பூருக்குப் போய்விட்ட உனக்கு மறந்திருக்கும். இங்கே பாதி ஆம்பளைகளுக்கு இரண்டு எண். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உன் அப்பா விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்சாலைக்குப் போவார், பக்கத்திலேயே சேகரும் தன் மோட்டாரில் போவார். இருவரும் ஒரே பட்டறை. அப்பாவின் இரண்டு எண்களும் என்னிடம் இருந்தன. சேகரின் மலேசிய எண் இருந்தது. சிங்கப்பூர் எண்ணை ஒருநாள் அவர் நம் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "அண்ணி, இதையும் போட்டு வச்சிக்குங்க, மலேசியா சிம்மு பாலம் தாண்டினா செத்துரும்." நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். "கையில மாவு, அப்புறம் போடறேன் சேகரு" என்றேன். அந்த 'அப்புறம்' வரவில்லை. நீ கோலாலம்பூர் போய் எண் மாற்றியதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று பாலாய் ராயா என்னும் நம் தாமானின் பொது மண்டபத்தில் வகுப்பு. தாமான் பெண்களுக்கு நான் நடத்திய முதல் கைப்பேசி வகுப்பு, கடைசியும் அதுதான். ஒன்பதரைக்கு ஆரம்பம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீகூன் நூடுல்ஸ் உண்டு என்று சொன்னதால் நல்ல கூட்டம். என் கைப்பேசியை வயர் போட்டுப் புரொஜெக்டரில் இணைத்து, அதில் தெரிவதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தேன். இணையத்தை மட்டும் அணைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? எங்கள் நாலு பேருக்கு மட்டுமான ரகசிய வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நாங்கள் முந்தின நாள் பேசியது சுவரில் வந்துவிட்டால் நான் ஊரை விட்டே போக வேண்டியதுதான். என் வம்பைக் காப்பாற்ற இணையத்தை அணைத்தேன். சேகர் அனுப்பிய செய்திகள் அதனால் வரவில்லை. "அண்ணி போன் எடுங்க." "அண்ணி அண்ணனுக்கு முடியல." அவற்றை நான் படித்தபோது அவை பழைய செய்திகளாகிவிட்டிருந்தன.

தெரியாத எண்களை அமுக்கும் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்கால் இருக்கும். பரிமளா அக்கா, நம் எதிர் வீட்டுக்காரர், தாமானின் நடமாடும் வானொலி, எழுந்து நின்று சுவரைக் காட்டினார். "ஏய், மேல ஏதோ நம்பரு வந்து நிக்குது பாரு. பிளஸ் சிக்ஸ் ஃபைவ்."

திரும்பிப் பார்த்தேன். தவறிய அழைப்பு என்று ஒரு பட்டை. எனக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா? போன் அடிச்சிச்சா? அடிக்கல. வந்தான், கதவு சாத்தியிருக்கு, போயிட்டான்!" கைதட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி வந்தது. "அலமாக், மறுபடியும் வராண்டி!" என்று யாரோ கத்தினார்கள். "விடமாட்டான் போல லா" என்றேன், "என் குரலுக்கு அவ்வளவு மவுசு." பரிமளா அக்கா விடுவாரா? "புருசன் சிங்கப்பூருக்குப் போனா, இவளுக்கு அங்கேர்ந்தே ஆளு தேடுது பாருங்கடி!" மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பாடம் நடக்கவில்லை. ஒவ்வொரு முறை பட்டை வந்தபோதும் எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். அஞ்சு! ஆறு! ஏழு! நான் இசைக்குழுவை நடத்துபவர் மாதிரி கையை ஆட்டி எண்ண வைத்தேன். பதினான்கு வரைக்கும் எண்ணினோம், தம்பி. அதில் ஒன்பது சேகர், இரண்டு தொழிற்சாலை அலுவலகம், மூன்று ஆஸ்பத்திரி. உன் அப்பா பட்டறையில் விழுந்து, ஆம்புலன்சில் போய், கண் விழித்து, என்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த மண்டபத்தில் பாதிப் பேரின் கணவன்மார் அன்று காலை பாலம் தாண்டியவர்கள். சிங்கப்பூர் எண் விடாமல் அடிக்கிறதே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, அவர்களைச் சொல்லி என்ன? அவருக்கு ஏதாவது என்றால் அவர் பெயர் வரும் என்று நினைத்திருந்தேன். பட்டறைக்குள் கேமரா உள்ள போனைக் கொண்டுபோகக் கூடாது, பூட்டுப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், சாவி அவர் பையில். அவர் கைப்பேசி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு மனுஷனுக்கு ஆபத்து வந்தால் அந்தச் செய்தி அவன் எண்ணிலிருந்து வராது. எவனோ ஒரு முன்பின் தெரியாதவன்தான் கூப்பிடுவான். இதைத்தான் உன் அப்பா ஒரே வரியில் கேட்டார், நான் பிரதமரைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

பதினொன்றே முக்கால் வரைக்கும் முயன்று பார்த்துவிட்டு சேகர் என்னை நேரில் வந்து அழைத்துப்போகக் கிளம்பியிருக்கிறார். மருத்துவர்கள் நிலைமை மோசம், குடும்பத்தைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்லக்கூடியவர்கள், எதிர் வீடு பக்கத்து வீடு எல்லாரும், என்னோடு மண்டபத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேறு என்ன செய்வார் அந்த மனுஷன்? பாலம் தாண்டி இந்தக் கரைக்கு வந்ததும் அவருடைய மலேசிய சிம் உயிர் பெற்றது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அழைத்தார். திரையில் 'சேகர்' என்று பெயர் வந்தது, மணியும் அடித்தது. நான் மீகூன் தட்டோடு புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். "என்ன சேகரு, இன்னிக்கு வேல இல்லியா?"

"அண்ணி, பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லுங்க. அண்ணனுக்கு முடியல. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவருடைய மழைச்சட்டையை எனக்குப் போட்டுவிட்டார்.  குடிநுழைவுச் சாவடியில் மோட்டார் வரிசை நீளமாக நின்றது. அங்கேதான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு சிவப்பு வரிகள். அதில் ஒன்பது முறை வந்திருந்த எண்ணின் கடைசி இலக்கங்கள், வாசலில் நின்று அவர் சொன்னபோது காதில் விழுந்தவை. அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. ஒவ்வொரு வரியாக இடது பக்கம் தள்ளி அழித்தேன். பதினான்கையும், இணையத்தைத் திறந்ததும் வந்து விழுந்த அவர் செய்திகளையும். அதை வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் எனக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, விரல் தானாகச் செய்தது. பன்னிரண்டு ஐம்பதை மட்டும் விட்டுவைத்தேன். தலையைத் தூக்கியபோது மோட்டாரின் பக்கக் கண்ணாடியில் சேகரின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடனே முன்னால் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் போனபோது உன் அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்றரைக்கு, என்றார்கள். நான் வாசலில் பாஸ்போர்ட்டோடு நின்ற நேரம்.

மறுநாள் நீ வந்தாய். நீ அழுதாய், பிறகு உன் தொழில் புத்தி வேலை செய்தது. "மா, சேகர் சித்தப்பா எத்தன மணிக்குப் போன் பண்ணாரு? போனக் குடுங்க" என்று வாங்கிப் பார்த்தாய். உனக்குப் பதிவுதான் சாட்சி, மனிதர்கள் அப்புறம். காலையிலிருந்து ஒரே ஓர் அழைப்பு, பன்னிரண்டு ஐம்பது. "ஒம்போது மணிக்கு விழுந்திருக்காரு. நாலு மணி நேரமா ஏன் ஒரு கால்கூடப் பண்ணல?" என்று கேட்டாய். "தெரியலப்பா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்ததிலேயே மிகச் சிறிய பேச்சு அது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் எதையும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்பவள் இல்லை. அதிலேயே நீ கண்டுபிடித்திருக்கலாம்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு சேகர் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பூட்டுப் பெட்டியில் இருந்த அப்பாவின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். பந்தலுக்குள் அவர் கால் வைக்கும் முன் நீ எழுந்து போய்க் குறுக்கே நின்றாய். "எங்கப்பாவ அனாதையா விட்டுட்டு வந்தீங்க இல்ல? ஒரு போன் போட்டா கை தேஞ்சிருமா? இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க." அவர் சட்டைப் பைக்குள் அவர் கைப்பேசி இருந்தது. வெளியே எடுத்து, அன்றைய பட்டியலைத் திறந்து காட்டியிருந்தால் ஒன்பது அழைப்புகளும் அதில் இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் தூணோடு தூணாக நின்றேன். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "சரிப்பா" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பந்தலுக்குப் பின்னால் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த வகுப்பில் இருந்தவர்கள். நீ கத்தியபோது ஒரு கத்தி ஓடவில்லை, ஒரு வளையல் சத்தம் இல்லை. நீ நிறுத்தியதும் பரிமளா அக்காதான் முதலில் பூசணிக்காயை நறுக்கத் தொடங்கினார், மற்றவர்களும் தொடங்கினார்கள். தாமானில் யார் வீட்டில் எந்தக் குழம்பு தீய்ந்தது என்பதுகூட மறுநாள் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வாய்கள் மூன்று வருடமாக இந்த ஒரு விஷயத்தில் மூடியே இருக்கின்றன. என்மேல் இரக்கமா, தாங்களும் சேர்ந்து எண்ணிய கூச்சமா, தெரியாது. என்னிடமே யாரும் பேசியதில்லை. பரிமளா அக்கா மட்டும் ஒருமுறை துணி காயப்போடும்போது, "ஏழுன்னு கத்துனது நான்தான்டி" என்றார். அதோடு உள்ளே போய்விட்டார்.

சரி, யோசனைகள் தருவதாகத்தானே ஆரம்பித்தேன், தருகிறேன். தெரியாத எண்களை அமுக்கும் அமைப்பை நான் அன்றே எடுத்துவிட்டேன். நான் சொல்லித்தான் அதை வைத்தீர்கள் என்றால், வீட்டில் யாராவது பாலம் தாண்டுபவர் இருந்தால், எடுத்துவிடுங்கள். ஏமாற்றுக்காரர்கள் அழைப்பார்கள்தான், எனக்குத் தினமும் அழைக்கிறார்கள். எடுத்து, யார் என்று கேட்டு, வைத்துவிட்டால் தீர்ந்தது. போனில் பணம் பற்றியோ ரகசிய எண் பற்றியோ பேச்சு வந்தால் மட்டும் பதில் சொல்லக் கூடாது, எடுப்பதில் ஒரு குடியும் முழுகாது. எடுக்காமல் விட்டால் முழுகும். நீ மருமகளோடு வேலை செய்பவர்களில் இரண்டு பேரின் எண்களையாவது வாங்கி வை, அவளும் உன் அலுவலகத்தில் இரண்டு பேரின் எண்களை வைத்திருக்கட்டும். எல்லா எண்ணையும் கூட்டல் குறியும் நாட்டு எண்ணும் சேர்த்துப் பதிவு செய், இல்லாவிட்டால் எல்லை தாண்டினால் அது வேலைக்கு ஆகாது. கைப்பேசி பூட்டியிருந்தாலும் அடுத்தவர் பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பக்கம் ஒன்று இருக்கிறது. இரத்த வகை, நோய், யாரை அழைக்க வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். உன் அப்பாவுடைய கைப்பேசியில் அந்தப் பக்கத்தை நான் பிறகு திறந்து பார்த்தேன். வெற்று வெள்ளை. மூன்று நிமிட வேலை. எனக்கு ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்க நேரம் இருந்தது.

கையில் மாவு இருக்கும்போது யாராவது எண் சொன்னால் கையைக் கழுவு. இது எந்த அமைப்புக்குள்ளும் இல்லை.

போன ஞாயிறு நான் ஸ்கூடாய் போய் சேகரைப் பார்த்தேன். கல்யாணம் கட்டாத மனுஷன், ஒற்றை அறை, சுவரில் உன் அப்பாவும் அவரும் மோட்டாரோடு நிற்கும் படம். கோப்பி கலக்கிக் கொடுத்தார். மகனிடம் எல்லாவற்றையும் எழுதிச் சொல்லப்போகிறேன், ஊரறிய, என்றேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம் அண்ணி."

"மூணு வருசமா உங்க மேல பழியப் போட்டுட்டு உக்காந்திருக்கேன் சேகரு."

"எம்மேல கோவமா இருந்தா பரவால்ல. நான் யாரு அவனுக்கு? உங்க மேல கோவப்பட்டான்னா, அப்புறம் அவனுக்கு யாரு இருக்கா? கல்யாணம் முடியட்டும் அண்ணி."

"கல்யாணத்துல நீங்க நிக்கணும்னுதான் சொல்றேன்."

"எனக்குச் சாப்பாடு இங்க பக்கத்துலயே கெடைக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். அவருக்குச் சரியாக வரவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, "அண்ணன் பேசினாரு அண்ணி. கொஞ்ச நேரம். நெனப்போடதான் பேசினாரு" என்றார். 

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, தம்பி. வாய் வரைக்கும் வந்தது. அடுத்த வீட்டு விஷயத்தையெல்லாம் வேலி தாண்டிக் கேட்டு வாங்குகிறவள் நான், இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பேச்சு என் காதுக்கு வரத்தான் அன்று பதினான்கு தடவை வந்து நின்றது, நான் அதைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தேன். இனி அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. உனக்கு இருக்கிறது. உன் அப்பா கடைசியாகச் சொன்னது உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் அதை உன்னிடம் கொடுக்க வந்தபோதுதான் பந்தலில் நீ குறுக்கே நின்றாய் என்று நினைக்கிறேன். நான் நிற்க விட்டேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லியும் எழுதிவிட்டேன். அவர் பேச்சைக் கேட்காமல் போவது எனக்குப் பழக்கம்தான். என்னோடு நீ பேசுவாயா, எத்தனை நாள் கழித்துப் பேசுவாய் என்று தெரியவில்லை. கல்யாணத்தில் நான் முன்வரிசையில் நிற்க வேண்டுமா, சமையல் பக்கம் நிற்க வேண்டுமா, நீ சொல்வதுதான். அதைப் பிறகு பேசலாம். முதலில் சேகரை அழை. அவருடைய இரண்டு எண்களையும் இந்தக் கடிதத்துக்கு முன்னால் உனக்கு அனுப்பிவிட்டேன், கூட்டல் குறியோடு. வேலை நாளில் கைப்பேசி பூட்டுப் பெட்டியில் இருக்கும், அழைத்துப் பயனில்லை. சனிக்கிழமை அவர் இந்தக் கரையில்தான் இருப்பார். காலை பத்து மணிக்கு மேல், மலேசிய எண்ணில் கூப்பிடு. உன் எண் அவரிடம் இல்லை. அவர் எடுப்பார்.

அம்மா